கென்னடி கொலை: டிரைவர் சுட்டாரா? திறந்த காரில் ஏன் கூட்டிப் போனார்கள்?

வாவிக்கரைப் பெடியன் (மட்டக்களப்பு)

அண்ணாமார், அக்காமார், ஒரு கேள்வி. ரியூசன் விட்டு வெளியே வந்தால் எங்கள் கூட்டத்தில் கொஞ்ச நாளாக இதே கதைதான். 1963இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியை டலஸ் நகரத்தில் காரில் போகும்போது சுட்டார்களே, அதைப் பற்றி ஒருத்தன் போனில் ஒரு வீடியோ காட்டினான். மங்கலான படம். அதில் கார் டிரைவரே பின்னால் திரும்பிச் சுடுகிற மாதிரித்தான் தெரிகிறது. இன்னொருத்தன் சொல்கிறான், ஒரே சன்னம் கென்னடிக்குள்ளால் போய், காற்றில் கிறுகி, முன்னால் இருந்த ஆளின் நெஞ்சிலும் கையிலும் தொடையிலும் பட்டது என்று அரசாங்கமே அறிக்கை எழுதியிருக்கிறதாம். நடக்கிற காரியமா அது?

எனக்கு அதைவிடச் சின்னக் கேள்வி ஒன்று. இங்கே ஓர் அமைச்சர் வந்தாலே கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பொலிஸ் நிற்கும், மோட்டார் சைக்கிளைக்கூட ஓரத்தில் இறக்கச் சொல்வார்கள், கறுப்புக் கண்ணாடி வாகனங்கள் சீறிக்கொண்டு போய்விடும், உள்ளே யார் இருந்தார் என்றே தெரியாது. அப்படியிருக்க, அவ்வளவு பெரிய நாட்டின் தலைவரை மேல்மூடி இல்லாத காரில், சைக்கிள் ஓடுகிற வேகத்தில், உயரமான கட்டடங்களுக்கு நடுவால் ஏன் கூட்டிப் போனார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீடியோ லிங்க் போட வேண்டாம், டேட்டா இல்லை.

அக்கரைப்பற்றுச் சாரதி

தம்பி, வரலாறு படித்தவர்கள் பிறகு வருவார்கள். நான் ஓட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சுனாமிக்குப் பிறகு இந்தப் பக்கம் வெளிநாட்டு ஆட்கள் வரிசை கட்டி வந்த காலத்தில் நானும் வாகனத் தொடரணியில் ஓடியிருக்கிறேன். எட்டுப் பத்து வாகனம் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் நேர் ரோட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை. சந்தியில் திரும்பும்போதுதான் முதல் வாகனம் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வால் அறுந்துவிடும், கடைசியில் வருகிறவன் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியாமல் சந்தியில் நிற்பான். பயமான இடம் எது என்று எந்தச் சாரதியைக் கேட்டாலும் வளைவைத்தான் காட்டுவான்.

டலஸில் வரிசை மெயின் வீதியால் நேரே வந்தது. மதியச் சாப்பாடு ட்ரேட் மார்ட் மண்டபத்தில். அங்கே போக நெடுஞ்சாலையில் ஏற வேண்டும், ஆனால் மெயின் வீதியிலிருந்து அந்த ஏற்றத்துக்கு நேராகப் போக முடியாதபடி நடுவில் கொங்கிரீட் தடுப்பு. அதனால் வலப்பக்கம் ஹூஸ்டன் வீதியில் திரும்பி, ஒரு சின்னத் துண்டு ஓடி, உடனே இடப்பக்கம் எல்ம் வீதிக்குள் கிறுக வேண்டியிருந்தது. இந்த இரண்டாவது திருப்பம் கிட்டத்தட்ட 120 பாகை. அந்த மூலையிலேதான் பாடநூல் களஞ்சியக் கட்டடம், ஆறாம் மாடியில்தான் துவக்கோடு ஒஸ்வால்ட் என்ற ஆள். நீட்டி, பாரம் கூட்டிய லிங்கன் கொன்டினென்டலை அந்த வளைவில் யார் ஓட்டினாலும் ஊர்ந்துதான் போகும். வெடி விழுந்த நேரத்தில் சராசரி வேகம் மணிக்கு 11.2 மைல் என்று விசாரணையில் கணக்கிட்டார்கள், அதாவது 18 கிலோமீற்றர். இன்னொன்றையும் கவனியுங்கள். வளைந்து முடிந்தபிறகு கார் அந்த யன்னலை விட்டு விலகி ஏறக்குறைய நேர்கோட்டில், சரிவில் இறங்குகிறது. குறி பார்க்கிறவனுக்கு இலக்கு இடமும் வலமும் ஓடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் போகிறது, அவ்வளவுதான்.

டிரைவர் சுட்டார் என்பது சுத்தப் புரளி. வில்லியம் கிரீர் என்ற அந்த மனிசரிடம் பிழை பிடிக்க வேண்டுமென்றால் வேறு இருக்கிறது. முதல் சத்தம் கேட்டதும் அக்சிலேட்டரை அமத்தியிருக்க வேண்டும், அவர் திரும்பிப் பார்த்தார், கார் இன்னும் மெதுவாகிப் போனது. தலையில் பட்ட வெடிக்குப் பிறகுதான் பறந்தது. அதற்காக நான் அவரைத் திட்ட மாட்டேன். அங்கே நின்ற பலரே பட்டாசு என்றும், மோட்டார் சைக்கிள் சைலன்சர் அடித்தது என்றும்தான் முதலில் நினைத்தார்கள்.

புத்தக அலுமாரி (கல்முனை)

சாரதி காக்கா சொன்னதற்கு மேல் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் குழப்பமெல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகிறது.

எடுத்தவர் ஏப்ரகாம் சப்ருடர், பக்கத்துக் கட்டடத்தில் பெண்களுக்கான உடுப்புத் தயாரிப்பு நடத்தியவர். புல்வெளி ஓரத்தில் இருந்த ஒரு கொங்கிரீட் மேடைக்கட்டில் ஏறி நின்றார். உயரத்தில் நின்றால் அவருக்குத் தலை சுற்றும், அதனால் அலுவலகத்தில் வேலை செய்த பெண் பின்னால் நின்று அவரைப் பிடித்துக்கொண்டார். அந்த நிலையில் 8 மில்லிமீற்றர் வீட்டுக் கமராவால் எடுத்தது மொத்தம் 486 சட்டகம், 27 செக்கன்கூட வராது. 313ஆம் சட்டகத்தில்தான் தலையில் சன்னம் படுகிறது. லைஃப் சஞ்சிகைக்காரர் 150,000 டொலருக்கு உரிமையை வாங்கினார்கள், அந்த 313ஐ மட்டும் போட வேண்டாம் என்று சப்ருடர் கேட்டுக்கொண்டார். முதல் தவணையாகக் கிடைத்த 25,000 டொலரை அதே நாள் கொல்லப்பட்ட பொலிஸ்காரர் டிப்பிற்றின் மனைவிக்குக் கொடுத்துவிட்டார். அமெரிக்கச் சனங்கள் அந்தப் படத்தை முழுசாகத் தொலைக்காட்சியில் பார்த்தது 1975இல். பன்னிரண்டு வருஷம் மூடி வைத்தால் ஊரில் என்ன கதைதான் கிளம்பாது?

தம்பி பார்த்தது பிரதிக்குப் பிரதி எடுத்து, மங்கிப்போன ஒன்றாக இருக்கும். டிரைவருக்குப் பக்கத்தில் ரோய் கெலர்மன் என்ற மெய்ப்பாதுகாவலர் இருக்கிறார். எண்ணெய் பூசி வாரிய அவருடைய தலையில் வெயில் பட்டு மினுங்குவதுதான் மங்கலான பிரதியில் டிரைவரின் கையில் கைத்துப்பாக்கி மாதிரித் தெரிகிறது. தெளிவான பிரதியில் கிரீரின் இரண்டு கையும் ஸ்டியரிங் பக்கம்தான்.

சன்னம் கிறுகிய கதையும் இப்படித்தான். படம் கீறிக் காட்டுகிறவர்கள் முன் கதிரையில் இருந்த டெக்சாஸ் மாநில கவர்னர் கொனலியைக் கென்னடிக்கு நேர் முன்னால், அதே உயரத்தில் இருத்துகிறார்கள். உண்மையில் கொனலி இருந்தது மடக்குக் கதிரையில். அது பின் கதிரையை விடப் பதிவு, காரின் நடுப்பக்கமாகவும் உள்ளே தள்ளி இருந்தது. கென்னடியோ வலது ஓரத்தில், கையைக் கதவில் வைத்துக்கொண்டு. வலப்பின்புறம் மேலிருந்து வரும் சன்னம் நேராகவே போய்க் கொனலியின் முதுகில் ஏறும். காற்றில் கிறுகத் தேவையே இல்லை.

சந்தேகப்பிராணி (ஆரையம்பதி)

எல்லாம் அழகாகப் பொருந்துகிறது அக்கா. பிடித்த அந்த ஒஸ்வால்டை இரண்டு நாளில், பொலிஸ் தலைமையகத்துக்குள்ளேயே, தொலைக்காட்சிக் கமராவுக்கு முன்னால் ஒருவன் வந்து வயிற்றில் சுட்டுப்போடுகிறானே, அதுவும் பொருந்துகிறதா?

கொனலியே கடைசிவரை தனக்கு வேறு சன்னம்தான் பட்டது என்று சொன்னவர். 1979இல் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவே, பெரும்பாலும் இது சதியாக இருக்கலாம் என்று எழுதியது. அதையும் யூடியூப் பெடியன்கள்தான் எழுதினார்களா? தலை பின்பக்கமாக அடிபட்டுப் போகிறதே, பின்னாலிருந்து சுட்டால் முன்னால்தானே போக வேண்டும்?

ஓய்வுபெற்ற வாத்தி (கல்லாறு)

கேள்வி கேட்ட மகனுக்கு முதலில். ஏன் திறந்த கார் என்றாய். அவர் போனது வாக்குக் கேட்கிற பயணம். அடுத்த வருஷம் 1964இல் தேர்தல், டெக்சாஸில் அவருடைய சொந்தக் கட்சிக்காரர் கொனலி ஒரு பக்கம், செனட்டர் யார்பரோ மறு பக்கம் என்று முறுகிக்கொண்டு நின்றார்கள். சனங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், மனைவியைப் பார்க்க வேண்டும். எந்த வழியால் வருவார் என்று நவம்பர் 19ஆம் திகதியே டலஸ் பத்திரிகைகளில் வந்துவிட்டது, சனங்கள் வந்து நிற்கட்டும் என்றுதான் போட்டார்கள். காலையில் மழைத் தூறல் இருந்தபடியால் காருக்குப் பிளாஸ்டிக் மேல்மூடி போடலாமா என்று யோசித்தார்கள், பிறகு வெயில் எறிக்கப் போடவில்லை. போட்டிருந்தாலும் அது குண்டு தடுக்கிற மூடி இல்லை, மழைக்குத்தான். வழியிலுள்ள கட்டடங்களின் யன்னல்களைச் சோதிக்கும் வழக்கமும் அப்போது அவர்களுடைய பாதுகாப்புப் பிரிவுக்கு இருக்கவில்லை. நீ கல்லடியில் பார்க்கிற கெடுபிடி எல்லாம் இப்படியான கொலைகளுக்குப் பிறகு உலகம் பழகிக்கொண்டது.

எங்கள் பக்கத்துக் கணக்கையும் சொல்கிறேன். டலஸில் நவம்பர் 22, வெள்ளிக்கிழமை பகல் 12.30. அதை இலங்கை நேரத்துக்கு மாற்றிப் பார், சரியாக நள்ளிரவு 12 மணி. மட்டக்களப்பில் முழுச் சனமும் நித்திரை. சனிக்கிழமை காலையில் தேத்தண்ணீர்க் கடை ரேடியோவில்தான் செய்தி வந்தது, நான் அப்போது சின்னப் பொடியன், வளர்ந்தவர்கள் ஏன் இப்படிக் குசுகுசுக்கிறார்கள் என்று மட்டும் விளங்கியது. அந்த நேரம் இங்கே ஜனாதிபதி என்ற பதவியே கிடையாது. பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க, அவருடைய கணவரை 1959 செப்டம்பரில் வீட்டு விறாந்தையில் வைத்துச் சுட்டு நாலு வருஷம்தான் ஆகியிருந்தது.

ஆரையம்பதித் தம்பி சொன்னதில் ஒன்று சரியான இடத்தில் குத்துகிறது. பண்டாரநாயக்கவைச் சுட்ட சோமராம தேரரைப் பிடித்தார்கள், நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார்கள், பின்னால் நின்று ஏவியவர்களும் கூண்டில் ஏறினார்கள், 1962இல் அவரைத் தூக்கில் போட்டார்கள். தீர்ப்பில் ஆயிரம் குறை சொல்லலாம், ஆனால் வழக்கு என்று ஒன்று நடந்தது. ஒஸ்வால்ட் விஷயத்தில் அது நடக்கவே இல்லை. நவம்பர் 24ஆம் திகதி ஜாக் ரூபி சுட்டதோடு குற்றவாளிக் கூண்டு காலி. வழக்குக்குப் பதிலாக அரசாங்கம் அமர்த்திய வாரன் ஆணைக்குழு 888 பக்கத்தில் அறிக்கை தந்தது. அதை எழுதியவர்கள் எவ்வளவு நேர்மையாக எழுதியிருந்தாலும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழும்பி நின்று கேட்க வேண்டிய கேள்விகளை அறுபது வருஷமாகத் தெருவில் நிற்கிற சனங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சன்னத்தின் பாதையை விட எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

அதற்காக ஒஸ்வால்ட் சுடவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். துவக்கு அவன் அந்த வருஷம் மார்ச்சில் ஹிடெல் என்ற பொய்ப் பெயரில் தபாலில் எடுப்பித்தது, தொலைநோக்கியோடு 19.95 டொலர், தபால் செலவு தனி. மூன்று வெற்றுத் தோட்டாக்கள் யன்னலடியில், துவக்கு அதே மாடியில் பெட்டிகளுக்கு இடையில். அந்தக் கட்டடத்தில் அவன் வேலைக்குச் சேர்ந்தது ஒக்டோபர் 16, கார் எந்த வழியால் போகும் என்று முடிவாவதற்கு முன்பு. சதிகாரர் யாரோ அவனை அந்த யன்னலடியில் கொண்டுபோய் வைத்தார்கள் என்றால், வீதியையும் அவர்கள்தான் வளைத்திருக்க வேண்டும்.

புத்தக அலுமாரி (கல்முனை)

சேர் சொன்னதோடு சந்தேகத் தம்பிக்கு இரண்டு விஷயம். அந்த 1979 குழு சதி என்று சொன்னது ஒரு பொலிஸ் ரேடியோ ஒலிப்பதிவை நம்பி. நாலாவது வெடி காருக்கு முன்புறமாக இருந்த புல்மேட்டுப் பக்கமிருந்து கேட்கிறது என்றார்கள். 1982இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகம் அமர்த்திய குழு அதே பதிவைத் திரும்பக் கேட்டு, அந்தச் சத்தங்கள் கொலை நடந்து ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குப் பிறகு பதிவானவை என்று காட்டியது. அதோடு, அந்த 1979 குழுவே கென்னடிக்கும் கொனலிக்கும் பட்ட வெடிகள் ஒஸ்வால்டுடையவை, நாலாவது யாருக்கும் படவில்லை என்றுதான் எழுதியது. இந்தப் பாதியை யாரும் வீடியோவில் சொல்வதில்லை.

தலை பின்னால் போவது பற்றி லூயிஸ் அல்வாரெஸ் என்ற நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் முலாம்பழங்களை நாடாவால் சுற்றிக் கட்டிச் சுட்டுப் பார்த்தார். சன்னம் வெளியேறும் பக்கமாக உள்ளே இருப்பது பீறிட, பழம் சுட்டவன் பக்கமாகவே பின்னுக்குத் துள்ளியது. சினிமாவில் காட்டுகிற மாதிரி சன்னம் பட்ட ஆள் தூக்கி எறியப்படுவது கிடையாது.

சந்தேகப்பிராணி (ஆரையம்பதி)

முலாம்பழத்துக்குக் கழுத்து இல்லை அக்கா.

சரி, சன்னத்தை விடுகிறேன். ஆனால் டெக்சாஸ் சட்டப்படி பிரேதப் பரிசோதனை டலஸில் நடந்திருக்க வேண்டும். பார்க்லண்ட் ஆஸ்பத்திரியில் வைத்தியருடன் மல்லுக்கட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமானத்தில் ஏற்றினார்கள். பெதஸ்டா கடற்படை ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்த தலைமை வைத்தியர் தன் முதல் குறிப்புகளை வீட்டு அடுப்பில் எரித்தார், இரத்தம் பட்டிருந்தது என்று காரணம் சொன்னார். கொலை நடந்த காரைக்கூட வைக்க வேண்டியபடி சாட்சியாக வைத்திருக்கவில்லை. ஆவணங்களை முழுசாக வெளியிட வேண்டும் என்று 1992இல் சட்டம் போட்டும், 2025 வரை தவணை தவணையாக விட்டுக்கொண்டிருந்தார்கள். மறைக்க ஒன்றும் இல்லாதவன் இப்படியா நடப்பான்?

ஓய்வுபெற்ற வாத்தி (கல்லாறு)

மறைக்க இருந்தது கொலையைத்தானா என்று கேள். ஒஸ்வால்ட் 1959இல் சோவியத் நாட்டுக்கு ஓடி, 1962இல் ரஷ்ய மனைவியோடு திரும்பி வந்தவன். கொலைக்கு முன் மெக்சிக்கோ நகரத்துக்குப் போய் கியூபா, சோவியத் தூதரகங்களில் ஏறி இறங்கியவன். எஃப்.பி.ஐ அவன் கோப்பை ஏற்கெனவே கையில் வைத்திருந்தது. இப்படி ஒருவன் ஜனாதிபதி போகிற வழியில் வேலை செய்தான் என்பதைக் கவனிக்காமல் விட்ட அதிகாரிகளுக்குத் தங்கள் கதிரையைக் காப்பாற்றவே மறைக்க நிறைய இருந்தது. கந்தோரில் வேலை செய்த எவனுக்கும் இது விளங்கும். சட்டத்திலும் ஓட்டை: 1963இல் ஜனாதிபதியைக் கொல்வது மத்திய அரசுச் சட்டத்தில் தனிக் குற்றமே இல்லை, 1965இல்தான் ஆக்கினார்கள். அதனால்தான் பிரேதத்துக்கு உரிமை யாருக்கு என்று ஆஸ்பத்திரி வாசலில் இழுபறி.

வாவிக்கரைப் பெடியன் (மட்டக்களப்பு)

எல்லாருக்கும் நன்றி. இதை அப்படியே வாசித்துக் காட்டப் போகிறேன், சண்டை இன்னும் கூடும் போல. இரண்டு கேள்வி மிச்சம். எங்கள் ஜனாதிபதி பிரேமதாச கொலையும் இந்த வகைதானா? அப்புறம், அந்தக் காரை என்ன செய்தார்கள்?

புத்தக அலுமாரி (கல்முனை)

பிரேமதாச வாகனத்தில் போகும்போது இல்லை தம்பி. 1993 மே 1, கொழும்பு ஆமர் வீதியில் மே தின ஊர்வலம், அவர் சனங்களுக்கு நடுவில் இறங்கி நின்று ஊர்வலத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். சைக்கிளில் வந்த தற்கொலைக் குண்டுதாரி, புலிகளின் ஆள் என்பதுதான் விசாரணையில் வந்தது. ஏப்ரல் 23இல் முன்னாள் அமைச்சர் லலித் அத்துலத்முதலி மேடையில் சுடப்பட்டு ஒரு கிழமைதான் ஆகியிருந்தது, அதனால் அந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கிளம்பிய கதைகளுக்கும் குறைவில்லை. தொடரணிக் கொலை வேண்டுமென்றால் 1934இல் மார்செய் நகரத்தில் யூகோஸ்லாவியா மன்னர் அலெக்சாந்தரைத் தேடிப் பார். அதுவும் திறந்த கார், அதுவும் படமாக எடுக்கப்பட்டது. கூட இருந்த பிரெஞ்சு வெளிநாட்டு அமைச்சர் லூயி பார்த்தூ என்பவர் செத்தது பொலிஸ்காரரின் தவறிய சன்னத்தால்.

அக்கரைப்பற்றுச் சாரதி

காரைப் பற்றி எனக்குத் தெரியும், அதைத்தான் நான் தேடி வாசித்தது. ஃபோர்ட் கம்பனி அதை வருஷம் 500 டொலர் வாடகைக்குத்தான் அரசாங்கத்துக்குக் கொடுத்திருந்தது. கொலைக்குப் பிறகு உடைத்துப் போட்டிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. உள்ளே முழுக்கக் கழற்றி, கவசத் தகடு அடித்து, கழற்ற முடியாத கூரையும் குண்டு துளைக்காத கண்ணாடியும் போட்டு, பாரத்துக்கு ஏற்ற புது எஞ்சினும் ஏற்றித் திரும்ப ஓட்டத்துக்கு விட்டார்கள். கென்னடிக்கு அடுத்து ஜனாதிபதியான ஜோன்சனும் அவருக்குப் பிறகு வந்த ஜனாதிபதிகளும் அதில் போயிருக்கிறார்கள், 1977 வரை சேவையில் இருந்தது. இப்போது மிச்சிகன் மாநிலத்தில் டியர்போர்ன் என்ற ஊரில் ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்த வண்டியில் பின் கதிரையில் ஏறி உட்கார்ந்த ஜோன்சனின் மனத்தைரியத்தைத்தான் என்னால் நம்ப முடியவில்லை, என்னை ஓட்டக் கேட்டிருந்தால் வேறு சாரதியைப் பாருங்கள் என்றிருப்பேன்.